பார்வை விலங்கு: தமிழ் வேட்டை மரபில் ஈர்ப்பு உத்தியும் ஓசூர் எல்லைப் பகுதியின் இன்றைய சூழலும்

ஆய்வுச் சுருக்கம்

ஓர் உயிரினத்தைக் காட்டி மற்றோர் உயிரினத்தை அருகே வரவழைத்துப் பிடிக்கும் முறை உலகெங்கும் உள்ள வேட்டை உத்திகளுள் ஒன்றாகும். அவ்வாறு காட்டப்படும் விலங்கினைச் சங்க இலக்கியம் ‘பார்வை’ என்னும் சொல்லால் குறிக்கின்றது. பெரும்பாணாற்றுப்படை, புறநானூறு, நற்றிணை ஆகிய நூல்களில் இடம்பெறும் மூன்று குறிப்புகளையும் திருவருட்பயனின் உவமை ஒன்றையும் இக்கட்டுரை ஒருங்கு வைத்து நோக்குகின்றது. இவ்வுத்தி செயற்படும் விதத்தை இன்றைய விலங்கியல் அறிவுடன் ஒப்பிட்டு, வேட்டை முற்றிலும் தடைசெய்யப்பட்ட இக்காலத்தில் கிருட்டினகிரி மாவட்ட ஓசூர் எல்லைப் பகுதி போன்ற நிலப்பரப்பில் அவ்வறிவினை எவ்வாறு ஆவணப்படுத்துவது என்னும் வினாவையும் எழுப்புகின்றது.

திறவுச்சொற்கள்: பார்வை விலங்கு, வேட்டை, எயினர், குரற்பாவனை, நரி, ஓசூர், வனவுயிர்ப் பாதுகாப்பு.

முன்னுரை

வட அமெரிக்காவில் வாழும் கொயோட்டி என்னும் நரியினத்தை வேட்டையாடுவோர் இரண்டு உத்திகளை இணைத்துப் பயன்படுத்துகின்றனர். முயல் வலியால் கதறும் ஓசையை ஊதுகருவியாலோ ஒலிபெருக்கியாலோ எழுப்புவது ஒன்று. அவ்வோசை வரும் திசையில் அசையும் போலி உருவம் ஒன்றை நிறுத்துவது மற்றொன்று. ஒலி விலங்கினை அழைக்கின்றது. உருவம் அதன் கண்ணைக் கட்டிப்போடுகின்றது. வேட்டைக்காரன் அவ்விடைவெளியில் மறைந்திருக்கின்றான்.

இவ்வுத்தியைத் தமிழில் விளக்க முற்படுவோர் கலைச்சொல் தேடி இடர்ப்படுவதும் ‘பொறி’, ‘தூண்டில்’, ‘இரை’ ஆகிய சொற்களால் நிறைவு செய்துகொள்வதும் உண்டு. இவை பொருத்தமற்றவை. பொறி என்பது பிடிக்கும் கருவி. இரை என்பது தின்னப்படுவது. காட்டப்படுவதற்கென்றே நிறுத்தப்படும் உயிருக்குத் தமிழில் தனிச்சொல் ஈராயிரம் ஆண்டுகளாக உள்ளது. அச்சொல்லின் பொருட்பரப்பை வரையறுப்பது இக்கட்டுரையின் முதல் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

‘பார்வை’ என்பது பார் என்னும் வினையடியாகப் பிறந்த தொழிற்பெயர். காணும் தொழிலைக் குறிக்கும் இப்பெயர், அத்தொழிலுக்குக் காரணமாய் நிற்கும் விலங்கிற்கு ஆகிவந்துள்ளது. எனவே, வேட்டைச் சூழலில் இதனைத் தொழிலாகுபெயராகக் கொள்வது பொருந்தும். பார்வை எனப்படுவது பார்க்கும் விலங்கன்று. காட்டு விலங்கினால் பார்க்கப்படும் விலங்காகும்.

இப்பொருளை அறியாது வெறும் ‘கண்ணோட்டம்’ அல்லது ‘நோக்கு’ எனக் கொண்டால் சங்கப் பாடல்களின் காட்சி சிதைந்துவிடும். பாடப்புத்தக விளக்கங்களிலும் பிறமொழி பெயர்ப்புகளிலும் இக்கவனம் தேவைப்படுகின்றது.

ஓசூர்ப் பகுதி தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றும் அன்றாடம் வழங்கும் பகுதியாதலின் அண்டை மொழிகளையும் ஒப்புநோக்குதல் தகும். வேட்டையைக் குறிக்கும் சொல் தமிழில் வேட்டை, தெலுங்கில் வேட, கன்னடத்தில் பேட்டெ என இனமொழிச் சொற்களாக அமைந்துள்ளது. ஆனால், ஈர்ப்பு விலங்கினைக் குறிக்கும் சொல் வேறுபடுகின்றது. தெலுங்கில் ‘தீமமு’ என்றும் பழங்கன்னடத்தில் ‘தீவ’ என்றும் அது வழங்கப்பட்டது. இவ்விரண்டும் ஒலியால் தம்முள் நெருங்கி நிற்க, தமிழ் மட்டும் காணல் வினையிலிருந்து தன் சொல்லை ஆக்கிக்கொண்டுள்ளது. கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூல் அரசர்தம் வேட்டை விளையாட்டினை விரித்துரைக்குமிடத்து, பழக்கிய மானைக் காட்டி மான் வேட்டையாடும் முறையையும் பேசுகின்றது. எனவே, இவ்வுத்தி எயினர் குடிலிலும் அரண்மனையிலும் ஒருங்கே அறியப்பட்ட ஒன்று எனலாம்.

சங்க இலக்கியத்தில் மூன்று காட்சிகள்

முதற்காட்சி கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லும் பாணன் வழியில் எயினர் குடியிருப்பைக் காண்கின்றான். எயிற்றியர் பூண் பொருந்திய கோலால் நிலத்தைக் கிளறி எறும்பு சேர்த்த புல்லரிசியை எடுக்கின்றனர். அதனை முற்றத்து நிலவுரலில் இட்டுக் குற்றுகின்றனர். அம்முற்றத்திற்கு நிழல் தருவது விளாமரம். அவ்விளாமரத்தின் அடியில் பார்வை கட்டப்பட்டுள்ளது. கட்டிக் கட்டித் தேய்ந்தமையால் மரத்தின் அடி பறைந்து காணப்படுகின்றது. நச்சினார்க்கினியர் இப்பார்வையை மானாகவே கொண்டு உரை காண்கின்றார்.

மரத்தின் தேய்வு இங்குச் சிறந்த சான்றாக அமைகின்றது. ஒரு நாள், இரு நாள் கட்டியதனால் மரம் தேயாது. பார்வை மான் வேட்டைக்கு மட்டும் கொணரப்படும் கருவியாக இல்லாமல், உரலும் விளாவும் போல வீட்டின் பகுதியாக ஆண்டுக்கணக்கில் வளர்க்கப்பட்டது என்பதனை அத்தேய்வு உணர்த்துகின்றது.

இரண்டாம் காட்சி புறநானூற்றின் 320ஆம் பாடலில் இடம்பெறுகின்றது. பாடியவர் வீரை வெளியனார், திணை வாகை, துறை வல்லாண்முல்லை. முன்னையும் முசுண்டையும் படர்ந்து, பந்தல் வேண்டாதவாறு பலா நிழல் செய்யும் முற்றத்தில் யானை வேட்டுவன் ஆழ்ந்து உறங்குகின்றான். கட்டப்பட்டிருந்த பார்வைப் பிணையை நாடிக் காட்டிலிருந்து வந்த கலைமான் ஒன்று அதனுடன் கூடி விளையாடுகின்றது. வேட்டுவன் மனைவி அதனைக் காண்கின்றாள். கணவன் எழுந்துவிடுவானோ என அஞ்சுகின்றாள். கலை பிணையைவிட்டு நீங்கிவிடுமோ எனவும் அஞ்சுகின்றாள். எனவே, சிறிதும் நடமாடாது இருந்துவிடுகின்றாள். அந்நேரத்தில் மான்தோலில் உலரவைத்த தினையைக் கானக்கோழியும் இதலும் உண்டு தீர்க்கின்றன.

இப்பாடலின் ஈரச்சத்தினையும் பிரித்து நோக்குதல் வேண்டும். கலை தப்பிவிடக்கூடாது என்பது மட்டும் அவள் எண்ணமாயின், அது வேட்டை நலன் பற்றிய அச்சமாகவே முடியும். கணவனை மெல்ல எழுப்புவதே அதற்கு வழி. ஆனால், கணவன் எழுவதையும் அவள் அஞ்சுகின்றாள். இரண்டும் சேரும்போதே அவள் காப்பது கூட்டத்தை, வேட்டையை அன்று என்பது புலனாகின்றது. அதற்கு அவள் கொடுக்கும் விலையும் பாடலிலேயே உள்ளது. தினை போயிற்று. வந்த பாணனுக்கு ஊனைக்கொண்டே விருந்து அமைகின்றது.

மூன்றாம் காட்சி கழார்க்கீரன் எயிற்றியார் பாடிய நற்றிணை 312ஆம் பாடலில் அமைந்துள்ளது. இங்குப் பார்வையாக நிற்பது பறவை. மாரிக்காலப் பனியில் ஈங்கையின் தளிர் தன்மேல் வருட, சிறகு குவித்துத் துன்புற்றிருக்கின்றது ஒரு வெண்குருகு. அதன் நிலை கண்ட பார்வை வேட்டுவன் இரங்கி, அதனைப் பிணித்திருந்த முளையைக் களைந்து விடுகின்றான். இக்காட்சியைக் கூறுபவன் பொருள் தேடச் செல்லத் தயங்கும் தலைவன். நாம் அருகிலிருக்கும்போதே கோடைத் திங்களிலும் நடுங்குபவள், இவ்வாடைப் பனிக்கு என்ன ஆவாளோ என அவன் தன் நெஞ்சொடு நோகின்றான். வேட்டுவனே இரங்கும் காலத்தில் தான் பிரிவதா என்பது பாடலின் உட்பொருள்.

மூன்று காட்சிகளையும் ஒருசேர நோக்கின் ஓர் உண்மை தெளிவாகின்றது. மூன்றிலும் பார்வை உள்ளது. ஆனால், ஒன்றிலும் அதனால் கொலை நிகழவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் அது முற்றத்து உயிராக நிற்கின்றது. புறநானூற்றில் உத்தி முழு வெற்றி பெற்றும் வேட்டை நிகழாது நிற்கின்றது. நற்றிணையில் வேட்டுவனே உத்தியைக் கைவிடுகின்றான். வேட்டையைக் கண்டிக்காத, ஊனுணவை இயல்பாகப் பாடும் இலக்கியம், இந்த ஓர் உத்தியைப் பேசும்போது மட்டும் தயங்கி நிற்பது கருதத்தக்கது. காதலையும் இனப்பற்றையும் கருவியாக்கும் வேட்டை என்பதே அத்தயக்கத்திற்குக் காரணமாகலாம்.

திருவருட்பயனில் பார்வை

சைவ சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கனுள் ஒன்றாகிய திருவருட்பயன் உமாபதி சிவாசாரியாரால் 14ஆம் நூற்றாண்டில் இயற்றப்பட்டது. பத்து அதிகாரங்களும் நூறு குறள்வெண்பாக்களும் கொண்ட இந்நூலின் ‘அருளுருநிலை’ என்னும் அதிகாரத்தில் பார்வை உவமையாக வருகின்றது. மானைக் காட்டி மானைப் பிடிப்பது போல, மாந்தரைப் பிடித்தற்கு இறைவன் மானிட உருவைப் போர்வையாகக் கொண்டு குருவாக வருகின்றான். அதனை உலகம் அறிவதில்லை என்பது அக்குறளின் கருத்து.

சங்கப் பாடல்களில் இரக்கத்திற்குரியதாக இருந்த பார்வை, இங்கு அருளின் வடிவமாகின்றது. காட்டு விலங்கிற்கு அகப்படுதல் இறப்பு. உயிருக்கு அகப்படுதல் வீடுபேறு. உவமை தலைகீழாக்கப்பட்டிருப்பினும், உத்தியின் அடிப்படை விதி மாறவில்லை. இனம் இனத்தை நம்பும் என்பதே அவ்விதி. 14ஆம் நூற்றாண்டுக் கற்போருக்கு விளக்கம் வேண்டாத அளவிற்கு இவ்வேட்டைமுறை பழகிய ஒன்றாக இருந்தது என்பதற்கும் இவ்வுவமை சான்றாகும்.

உத்தி செயற்படும் விதம்

ஈர்ப்பு வேட்டை எவ்வுணர்வைப் பயன்கொள்கின்றது என்பதனைக் கொண்டு அதனை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, இணைவிழைச்சு. புறநானூற்றுக் கலைமான் இதற்குச் சான்று. யானை பிடித்தலிலும் இதுவே பயன்பட்டது. அகழி சூழ்ந்த அடைப்பினுள் பழகிய பெண் யானைகளை நிறுத்திக் காட்டு யானைகளை வரவழைத்த இந்திய முறையை மெகசுதனீசின் வழியாகக் கிரேக்க எழுத்தாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

இரண்டாவது, கூட்டுணர்வு. கொக்கு, நாரை, வாத்து முதலிய நீர்ப்பறவைகள் தம் இனம் அச்சமின்றி நிற்கும் இடத்தைப் பாதுகாப்பானதாகக் கருதி இறங்குகின்றன. நற்றிணையின் வெண்குருகு இதற்கெனவே முளையில் பிணிக்கப்பட்டது. நெதர்லாந்திலும் இங்கிலாந்திலும் 17ஆம் நூற்றாண்டில் பழகிய வாத்துகளைக் கொண்டு காட்டு வாத்துகளை வலைமூடிய கால்வாய்களுக்குள் இழுக்கும் குளங்கள் அமைக்கப்பட்டன.

மூன்றாவது, எல்லையுணர்வு. கௌதாரிச் சேவல் தன் எல்லைக்குள் வேறொரு சேவலின் குரல் கேட்டால் அதனை விரட்ட ஓடிவரும். கூண்டிலிட்ட கௌதாரியைச் சுற்றிக் கண்ணி வைக்கும் முறை இந்தியாவின் பல பகுதிகளில் வழங்கியது இதனாலேயே. அமெரிக்காவில் கொயோட்டி குட்டி ஈனும் பருவத்தில் பழக்கிய நாய்களைப் பார்வையாக அனுப்புவதும் இவ்வகையினது. தன் வளைக்கருகே வந்த நாயை விரட்டும் முனைப்பில் அவ்விலங்கு மனிதனைக் கவனிக்கத் தவறுகின்றது.

நான்காவது, பசி. முயலின் கதறலும் அசையும் போலி உருவமும் இவ்வகையில் அடங்கும். இங்குப் பார்வைக்கும் இரைக்கும் இடையிலான எல்லை மெலிகின்றது. எனினும், விலங்கு தின்பதற்கு எதுவும் வைக்கப்படாமையின் இதுவும் பார்வையே ஆகும்.

நான்கிலும் கட்புலன், செவிப்புலன், மோப்பம் என்னும் மூன்றும் முரண்படாது அமைதல் வேண்டும். கொயோட்டி, நரி ஆகியன ஒலி கேட்டவுடன் நேரே வருவதில்லை. வளைந்து சுற்றிக் காற்றுக்கு எதிர்முகமாக நின்று மோப்பம் பிடிக்கின்றன. மனித வாடை கிட்டியவுடன் காட்சியும் ஒலியும் பொய்யென உணர்ந்து விலகுகின்றன. எனவே, இவ்வுத்தியின் உண்மையான அறிவு கருவியில் இல்லை. காற்று, பருவம், பொழுது, விலங்கின் இயல்பு ஆகியவற்றை அறிந்திருப்பதில் உள்ளது.

இவ்வுத்தியின் கொடிய முகத்தையும் மறைத்தலாகாது. தென்னிந்திய நீர்நிலைகளில் பிடிபடும் சில பார்வைக் கொக்குகள் பறந்து மிரளாதிருக்கும் பொருட்டுக் கண்ணிமை தைக்கப்பட்ட நிலையில் காணப்பட்டுள்ளன. பார்வை எனப் பெயர்பெற்ற உயிர் தன் பார்வையை இழந்து நிற்கும் இம்முரண், நற்றிணை வேட்டுவனின் இரக்கத்தை நினைவிற் கொண்டு சிந்திக்கத்தக்கது.

ஓசூர் எல்லைப் பகுதியின் சூழல்

2004ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தருமபுரியிலிருந்து பிரிந்து உருவான கிருட்டினகிரி மாவட்டத்தின் மேற்குப் பகுதி இரு முகங்களை உடையது. ஒருபுறம் 1970களிலிருந்து வளர்ந்த சிப்காட் தொழிற்பேட்டைகள், வாகன உற்பத்தி ஆலைகள், கடிகார ஆலை, பெங்களூரை நோக்கி விரியும் குடியிருப்புகள். மறுபுறம் தளி, சவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி ஆகியவற்றைச் சூழ்ந்த காடுகள். அவை கருநாடகத்தின் பன்னார்கட்டா தேசியப் பூங்காவுடன் தொடர்பு உடையவை. 2014இல் காவிரி வடக்கு வனவுயிர்ச் சரணாலயமும் 2022இல் காவிரி தெற்கு வனவுயிர்ச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. கேழ்வரகும் அவரையும் விளையும் மானாவாரி நிலங்கள், ஏரிக்கரைகள், தொழிற்பேட்டை ஓரத்துப் புதர்க்காடுகள் ஆகியவை நரி, முயல், கௌதாரி முதலியவற்றிற்கு உறைவிடமாகின்றன.

வட தமிழகத்தில் கிடைக்கும் பன்றிக்குத்திப்பட்டான் கற்கள், பயிரழித்த காட்டுப்பன்றியோடு பொருது மாண்டவரைப் போற்றுகின்றன. நேருக்கு நேர் நின்ற வேட்டைக்கே கல் எடுக்கப்பட்டது. மறைந்திருந்து செய்யும் பார்வை வேட்டைக்குப் புகழ் இல்லை. அது பிழைப்பிற்கான அறிவாகவே இருந்தது. எனவேதான் அது கல்லில் இடம்பெறாது, சொல்லிலும் பழக்கத்திலும் மட்டும் எஞ்சியுள்ளது. சேலம் மாவட்டத்தின் வாழப்பாடிப் பகுதியில் பொங்கலை ஒட்டி வலைவைத்து நரி பிடித்து ஓடவிடும் ‘வங்காநரி’ வழக்கமும் வேறு வகையினது. அங்கு வலையே முதன்மை பெறுகின்றது. அதுவும் இன்று வனத்துறையால் தடுக்கப்படுகின்றது.

சட்டமும் சமூகமும்

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதனைக் கொல்லுதல் என்று மட்டும் வரையறுக்கவில்லை. அதன் 2(16)ஆம் பிரிவு பிடித்தல், கண்ணி வைத்தல், பொறி வைத்தல், விரட்டுதல், இரை காட்டி ஈர்த்தல் ஆகியவற்றையும் அவற்றிற்கான முயற்சியையும் வேட்டை என்றே கொள்கின்றது. 9ஆம் பிரிவு பட்டியலிடப்பட்ட விலங்குகளை வேட்டையாடுவதைத் தடைசெய்கின்றது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமம் பெற்ற வேட்டைக்கும் இடமின்றிச் செய்தது. எனவே, அமெரிக்க நூல்களில் பொழுதுபோக்காக விளக்கப்படும் உத்தி, இங்கு நரிமீதோ கௌதாரிமீதோ செலுத்தப்படின் குற்றமாகும். கைப்பேசியில் பறவைக்குரலை ஒலிக்கச் செய்து பிடிக்க முயல்வதும் இதனுள் அடங்கும்.

காட்டுயிர்கள் அருகிவரும் சூழலில் இத்தடை தேவையானதே. ஆயினும், இத்தடையின் மறுபக்கத்தையும் ஆய்வாளர் நோக்குதல் வேண்டும். பறவை, நரி ஆகியவற்றின் குரலைப் பாவனை செய்வதில் பெயர்பெற்ற நரிக்குறவர், காட்டறிவு மிக்க இருளர் முதலியோரின் திறன் முழுவதும் இவ்வறிவைச் சார்ந்திருந்தது. குடியேற்ற அரசின் குற்றப்பரம்பரைச் சட்டம் நாடோடிச் சமூகங்கள் பலவற்றைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாக்கியது. சென்னை மாகாணத்தில் அது 1947இல் நீக்கப்பட்டது. அச்சட்டம் நீங்கிய கால் நூற்றாண்டில் வேட்டை குற்றமாயிற்று. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைத் தமிழகப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நிறைவேற்றியது. உரிமை கிடைத்துள்ளது, ஆனால், தாத்தாவின் குரற்பாவனையைப் பேரன் கற்க வேண்டிய தேவையோ வாய்ப்போ இன்று இல்லை.

அறிவினை மடைமாற்றல்

வேட்டையறிவு பாதுகாப்பிற்குப் பயன்பட இயலுமா என்பதற்குத் தமிழகமே முன்மாதிரி தந்துள்ளது. பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்ட பின், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் நச்சுமுறிமருந்திற்கான நஞ்சினை எடுத்து வருகின்றது. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகியோருக்கு 2023இல் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது. பறவையியலிலும் இதற்கு இணை உண்டு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வளையமிடும் பணியில் பீகாரைச் சேர்ந்த மரபுவழிப் பறவை பிடிப்போர் பங்கேற்றனர். கோடியக்கரை அப்பணி நிகழ்ந்த இடங்களுள் ஒன்று.

நரியைப் பொறுத்தவரை வழி இன்னும் நேரடியானது. ஐரோப்பிய ஆய்வாளர்கள் பொன்னரியின் ஊளையை ஒலிபரப்பி, அதற்கு வரும் எதிர்க்குரலைக் கொண்டு நரிக்கூட்டங்களைக் கணக்கிடுகின்றனர். வேட்டைக்காரன் விலங்கை வரவழைக்கப் பயன்படுத்திய அதே எல்லையுணர்வு, இங்கு அதனை எண்ணப் பயன்படுகின்றது. தொழிற்பேட்டைகளால் துண்டாடப்பட்ட ஓசூர்ப் புதர்க்காடுகளில் நரிகள் எங்கு எஞ்சியுள்ளன என அறிவதற்கு, வனத்துறை ஒப்புதலுடன் இம்முறையைக் கையாளலாம். அடிக்கடி ஒலிபரப்பினால் விலங்கின் எல்லைக்காப்பும் இனப்பெருக்கமும் குலையும் என்பதனால், அளவறிந்து செய்தல் இன்றியமையாதது. எப்பொழுது, எக்காற்றில், எவ்விடைவெளியில் குரலெழுப்ப வேண்டும் என்பதில் மரபறிவுடையோர் ஆய்வாளருக்கு ஆசிரியராக விளங்கக்கூடும்.

ஆவணப்படுத்துவோர் இரண்டு நெறிகளைக் கடைப்பிடித்தல் நலம். ஒன்று, சொற்களையும் விலங்கியல் அறிவையும் பதிவு செய்தல். கண்ணி அமைக்கும் செய்முறையைப் பொதுவெளியில் விரித்துரையாதிருத்தல். மற்றொன்று, தகவல் தருவோரின் பெயரும் ஊரும் சட்ட நடவடிக்கைக்குக் காரணமாகாதவாறு காத்தல். நாட்டார் வழக்காற்றுக் களப்பணியில் இவ்விரண்டும் எழுத்துவடிவ ஒப்பந்தமாக அமைதல் வேண்டும்.

முடிவுரை

‘பார்வை’ என்பது ஈர்ப்பு விலங்கினைக் குறிக்கும் தனித்த தமிழ்ச்சொல் ஆகும். இன்றைய கலைச்சொல்லாக்கத்தில் ‘பார்வை விலங்கு’, ‘பார்வைப் பறவை’, ‘பார்வைப் போலி’ என இதனை விரித்துப் பயன்படுத்தலாம். சங்க இலக்கியத்தின் மூன்று குறிப்புகளிலும் இவ்வுத்தி கொலையில் முடியாது இரக்கத்திலோ இல்வாழ்விலோ முடிவது தனித்தன்மை உடையது. திருவருட்பயன் அதனை அருளுக்கு உவமையாக்கியுள்ளது. இணைவிழைச்சு, கூட்டுணர்வு, எல்லையுணர்வு, பசி என்னும் நான்கினைக் கொண்டு இவ்வுத்தியின் அனைத்து வகைகளையும் விளக்க இயலும். வேட்டை நின்றுபோன ஓசூர் போன்ற எல்லைப் பகுதிகளில் மும்மொழிச் சொற்களும் குரற்பாவனை அறிவும் ஒரு தலைமுறைக்குள் மறையும் நிலையில் உள்ளன. அவற்றைத் தொகுப்பது மொழியியலாருக்கும் நாட்டார் வழக்காற்றியலாருக்கும் விலங்கியலாருக்கும் பொதுவான பணியாகும்.